நல்ல நிய்யத் மட்டும் போதுமா?

எண்ணங்களைக் கொண்டே செயல்கள் மதிக்கப்படும் என்ற கருத்தமைந்த ஹதீஸை அறியாத முஸ்லிம் வீடு இராது. ஸஹீஹுல் புகாரி அந்த ஹதீஸைக் கொண்டுதான் தொடங்குகிறது. மதரஸாவுக்குப் போகத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே நம் பிள்ளைகளுக்கு அது மனனமாகிவிடுகிறது. ஒன்பது வயதுள்ள என் பேத்திக்கும் மனனம்தான். அந்த ஹதீஸை வைத்தே அவள் ஒருநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்று எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. பல நாள் கிதாபுகளைப் புரட்டி, ஆலிம்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி ஒரு முயலைப் பற்றியது. மார்க்க இதழில் முயலுக்கு என்ன இடம் என்று நினைக்கும் சகோதரர்கள் சற்றுப் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பேத்தியின் பிடிவாதத்துக்காக ஒரு ஜோடி முயல் வாங்கினோம். ஒன்று வெள்ளை, மற்றொன்று சாம்பல் நிறம். ஆணும் பெண்ணும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். இரண்டும் பெட்டை என்பது பிறகே தெரிந்தது. அதுவும் நன்மையாகவே முடிந்தது. முயல் சினைப்பட்டு 31 நாளில் குட்டி போடும், போட்ட கையோடு மறுபடியும் சினைப்படும். ஆணும் பெண்ணுமாக இருந்திருந்தால் ஓராண்டில் எங்கள் கொல்லை கொள்ளாமல் போயிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளை முயல் தும்மத் தொடங்கியது. மூக்கில் நீர் வடிந்தது. முயல் தன் மூக்கை முன்னங்கால்களால் துடைத்துக்கொள்ளும் பிராணியாதலால், அந்தக் கால்களின் உட்புறத்து ரோமம் பிசுபிசுத்துச் சடையாகிவிட்டது. சளிதானே என்று நினைத்தேன். பேரனுக்குத் தொண்டைப் புண்ணுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த அமாக்ஸிசிலின் மருந்து பாதி பாட்டில் மீந்திருந்தது. குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து முயலுக்கா ஆகாது? பிஸ்மில்லாஹ் சொல்லி, காலையும் மாலையும் சில சொட்டுகள் அதன் வாயில் விட்டேன். முயலைப் பேத்தி மடியில் பிடித்துக்கொண்டாள். சிறிய கரண்டி என் கையில் இருந்தது. மூன்றாம் நாள் அதற்கு வயிறு கழிந்தது. ஐந்தாம் நாள் சுப்ஹுக்கு எழுந்தபோது விறைத்துக் கிடந்தது.

மற்ற முயலுக்கும் ஏதேனும் தொற்றியிருக்குமோ என்ற பயத்தில் அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். மருந்தின் பெயரைச் சொன்னதும், "அதை வாய் வழியா ஊத்திட்டீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு விளக்கினார். முயலுக்குச் சீரணம் நடப்பது பெரும்பாலும் குருட்டுக்குடலில். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்துகொண்டு புல்லின் நாரைப் புளிக்க வைத்து உணவாக்குகின்றன. பென்சிலின் வகையைச் சேர்ந்த மருந்துகளை வாய் வழியே கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, கெட்டவை பெருகி நஞ்சைக் கக்கிவிடும். லிங்கோமைசின், கிளிண்டாமைசின் போன்றவையும் அப்படித்தான். மனிதப் பிள்ளையைக் காப்பாற்றுகிற மருந்து முயலைச் சில நாட்களில் கொன்றுவிடும். முயலுக்குக் கொடுக்கத்தக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். முயல் சளியில் போகவில்லை, என் கரண்டியில் போயிற்று.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னேன். பேத்தி அழுதாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நன்னா, நீங்க நல்ல நிய்யத்துலதானே ஊத்துனீங்க? அப்ப உங்க மேல குத்தம் இல்லல்ல?" என்று கேட்டாள்.

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை, தேற்றினாள். ஆயினும், "ஆமாம், குற்றமில்லை" என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை.

நிய்யத்தைப் பற்றிய ஹதீஸ் என்ன சொல்கிறது? ஹிஜ்ரத் போன்ற ஒரு பெரிய அமலைக்கூட, உலக லாபத்துக்காகச் செய்தவனுக்கு அந்த லாபமே கூலி என்கிறது. அமலின் மதிப்பு அல்லாஹ்விடத்தில் நிய்யத்தைப் பொறுத்தது என்பது அதிலிருந்து விளங்குகிறது. ஆனால் நிய்யத் நஞ்சை மருந்தாக்கும் என்று அதில் எங்கே இருக்கிறது? தண்ணீர் என்று எண்ணி மண்ணெண்ணெயை ஊற்றினால் நெருப்பு அணைந்துவிடுமா? நிய்யத்தின் ஆட்சி நம் உள்ளத்தின் மேல்தான். முயலின் குருட்டுக்குடல் அல்லாஹ் அதற்கு விதித்த வேறொரு சட்டப்படி நடக்கிறது.

வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்பவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய மூன்று நூல்களிலும் வருகிறது. இந்த ஹதீஸ் யாரைக் குறித்தது என்று எண்ணிப் பாருங்கள். வேண்டுமென்றே விஷம் வைப்பவனைக் குறித்து அன்று. அவனுக்குச் சட்டம் வேறு. நோயாளி பிழைக்க வேண்டும் என்று விரும்பி, தனக்குத் தெரியாத துறையில் கை வைப்பவனைத்தான் அது பிடிக்கிறது. அவனுடைய நிய்யத் நல்லதே. இருந்தும் பொறுப்பு நீங்கவில்லை.

தவறுதலாகவும் மறதியாலும் நடப்பவற்றை அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்திருக்கிறான் என்ற ஹதீஸும் உண்டே என்று சிலர் கேட்கலாம். நானும் முதலில் அதைத்தான் பற்றிக்கொண்டேன். ஆனால் அது பாவத்தைப் பற்றியதே என்றும், நேர்ந்துவிட்ட சேதத்துக்கான பொறுப்பை அது நீக்காது என்றும் ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒரு மூமினைத் தவறுதலாகக் கொன்றுவிட்டவன் மீதும் திருக்குர்ஆன் (4:92) நஷ்ட ஈட்டையும் கஃப்பாராவையும் விதிக்கிறது. அவன் கொல்ல நினைக்கவே இல்லை. என்றாலும், நினைக்கவில்லை என்பதோடு கணக்கு முடிந்துவிடவில்லை.

மனித உயிரின் சட்டத்தை முயலுக்குக் கொண்டு வருகிறாரே என்று யாரும் நினைக்க வேண்டாம். முயலுக்கே ஒரு சட்டம் இருக்கிறது. இஹ்ராமில் இருப்பவர் வேட்டைப் பிராணியைக் கொன்றால் பரிகாரம் கொடுக்க வேண்டும். முயலுக்கு ஓராண்டு நிறையாத ஒரு பெண் வெள்ளாட்டுக் குட்டி என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணலாம். தவறுதலாகக் கொன்றாலும் பரிகாரம் உண்டு என்பதே நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் கொண்ட கருத்து. இது இஹ்ராமுக்கும் ஹரமுக்கும் உரிய சட்டம். என் வீட்டுக் கொல்லைக்கு அது பொருந்தாது. ஆனாலும் ஒரு முயலின் உயிர் கணக்கிலேயே வராத ஒன்று என்று எண்ணியிருந்தவனுக்கு, அமீருல் மூமினீன் அமர்ந்து அதற்கு ஈடு நிர்ணயித்தார்கள் என்ற செய்தியே போதுமானதாயிருந்தது.

சரி, பொறுப்பு என்றால் யாரிடம் பொறுப்பு? செத்த முயல் என்னுடையது. அதற்கு நஷ்ட ஈடு உண்டென்றால் வாங்க வேண்டியவனும் நான், கொடுக்க வேண்டியவனும் நான். எங்கள் ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய ஹிதாயாவில் இதற்கு நெருக்கமான ஒரு மஸ்அலா இருக்கிறது. தன் பிராணிக்கு இரை கொடுக்காதவனைக் காழி கட்டாயப்படுத்தலாமா? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கட்டாயப்படுத்தலாம் என்கிறார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தாகவும் அவ்வாறே அறிவிக்கப்படுகிறது. ஆனால் மத்ஹபின் வெளிப்படையான அறிவிப்பின்படி காழி தலையிட மாட்டார். ஏனெனில், வழக்குத் தொடுத்து உரிமை கோரும் தகுதி பிராணிக்கு இல்லை. அதே வேளையில் அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே அது கட்டளையாகவே நிற்கிறது. இதை ஓர் ஆலிம் எனக்கு ஓதிக் காட்டியபோது, சட்டத்தின் பிடி தளர்ந்திருக்கிறதே என்று முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால் பயமே வந்தது. காழியிடம் நஷ்ட ஈடு கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். காழி கைவிட்ட வழக்கு எங்கே போகிறது? கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டிடமிருந்து உரிமை வாங்கித் தரப்படும் நாள் ஒன்று உண்டு என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறதே, அந்த நாளுக்குப் போகிறது.

பூனையைக் கட்டிப் போட்ட பெண்ணின் ஹதீஸை நம் வீடுகளில் எல்லோரும் சொல்வோம். அவள் அதை அடித்ததாகவோ சூடு போட்டதாகவோ அந்த ஹதீஸில் இல்லை. அடைத்து வைத்தாள், அடைத்தவள் உணவு கொடுக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சிகளைத் தானே தேடித் தின்னவும் விடவில்லை. எல்லா ஜீவன்களுக்கும் ரிஸ்க் அளிக்கும் பொறுப்பு அல்லாஹ்வுடையது. அந்தப் பூனைக்கும் ரிஸ்க் வெளியே காத்துக்கொண்டுதான் இருந்தது. நடுவில் ஒரு கதவைச் சாத்தினாள், அதுதான் அவள் செய்தது. கதவைச் சாத்துகிற கை, கதவுக்கு அப்பால் அந்தப் பிராணிக்கு என்னென்ன வைக்கப்பட்டிருந்தது என்பதை அறிந்திருக்க வேண்டாமா?

முயலுக்குக் கதவுக்கு அப்பால் இருப்பவற்றில் முதலாவது புல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். நாருள்ள புல்லைப் பல மணி நேரம் அரைத்தால்தான் அவை தேயும். தேயாவிட்டால் பின்பற்கள் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். அந்த முயல் பசித்திருந்தும் தின்ன முடியாமல் தட்டின் முன்னே உட்கார்ந்திருக்கும். குடலும் நாரைக் கொண்டே இயங்குகிறது. ஆகவே உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லும் உலர் புல்லுமாக இருக்க வேண்டும். அருகம்புல் நல்லது. கொத்தமல்லித்தழை போன்றவை ஒரு கைப்பிடி தரலாம். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி; குட்டிகளுக்கு ஆகும், வளர்ந்ததற்குக் கொஞ்சம் போதும். காரட்டும் பழமும் முயலின் சாப்பாடு என்று படப் புத்தகங்கள் நம்மை நம்ப வைத்திருக்கின்றன. அவை நமக்கு அல்வா எப்படியோ, முயலுக்கு அப்படி. சோறு, ரொட்டி, பிஸ்கட், வெங்காயம், பூண்டு ஆகவே ஆகாது. பெருநாளன்று வீட்டுக்கு வரும் விருந்தாளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிஸ்கட்டைக் கூண்டுக்குள் நீட்டுவார்கள். அங்கும் நிய்யத் நல்லதுதான்! எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் காய்கறிக்கும் மருந்து தெளிக்காத தோட்டம் அரிது; வரப்பில் அறுத்த புல்லையும் நன்றாக அலசிய பிறகே போட வேண்டும்.

இரண்டாவது, குளிர்ந்த வளை. பூமிக்கடியில் வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலின் வழித்தோன்றலே வீட்டு முயல். அதற்கு வியர்ப்பதில்லை. உடம்பின் சூட்டைக் காதுகளின் வழியாகவே பெரிதும் தணித்துக்கொள்கிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் அது அவதிப்படத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூரைக்கடியில் கூண்டை வைத்துவிட்டு ழுஹர் தொழப் போகிறவர், திரும்பி வரும்போது அது உயிரோடிருக்கும் என்று நம்பக்கூடாது. கூண்டு நிழலில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஈரச் சாக்குத் தொங்க வேண்டும். சாய்ந்து படுக்க ஒரு மண் ஓடு, குறையாத தண்ணீர் வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கக்கூடாது. முயலைக் குளிப்பாட்டுவதே தவறு. அது தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், குளிப்பாட்டினால் அதிர்ச்சியிலேயே போய்விடக்கூடும்.

முயலின் பாதத்தில் நாய் பூனைக்குள்ளது போன்ற மெத்தை கிடையாது, ரோமம்தான். கம்பித் தளத்தில் நாளெல்லாம் நின்றால் குதிகால் புண்ணாகும். ஒரு பலகையும் சாக்கும் போட்டால் தீர்ந்தது. ஓடவும், நின்று பார்க்கவும் அன்றாடம் சிறிது நேரம் வெளியே விட வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது பாவம். அதன் முதுகெலும்பு மெலிது, துள்ளி உதைத்தால் ஒடிந்துவிடும். பின்பாகத்தை ஒரு கையால் தாங்கியே எடுக்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டுப் பெண்கள் அருவருப்பது. முயல் உருண்டைப் புழுக்கையை அல்லாமல், திராட்சைக் கொத்துப் போன்ற மிருதுவான ஒன்றையும் வெளியாக்கி, அதை அப்படியே குனிந்து தின்னும். என் வீட்டுக்காரி முதல் முறை பார்த்துவிட்டு, "ச்சீ, அசிங்கம் புடிச்ச முயலு" என்றாள். அது கழிவு அன்று. குருட்டுக்குடலில் பக்குவமான உணவு. புரதமும் பி வைட்டமின்களும் அதில் இருக்கின்றன. பசு அசை போடுவதைப் போன்றதே இது. அதைத் தடுக்கக்கூடாது. தின்னாமல் விட்டு வாலடியில் ஒட்டிக் கிடந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். சிறுநீர் செம்மஞ்சளாக வந்தால் பெரும்பாலும் இரத்தம் அன்று, தழையின் நிறம். (தொழுகையைப் பற்றிக் கேட்கும் தாய்மார்களுக்கு: உதிர்ந்த ரோமம் சுத்தமானது, துணியில் பட்டால் தொழுகைக்குத் தடையில்லை. சிறுநீர் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ், ஹனஃபி மத்ஹபில் இலேசான நஜீஸ். கூண்டு கழுவ ஓர் உடையை ஒதுக்கி வைத்துக்கொண்டால் சந்தேகத்துக்கே இடமிராது.)

இவ்வளவும் நம் கண்ணுக்குத் தெரிபவை. முயல் மறைப்பது ஒன்று இருக்கிறது, அதன் நோய். நரியும் கழுகும் பலவீனமானதைத் தேடி அடிப்பதால், நோவைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதை அல்லாஹ் அதன் இயல்பாக்கியிருக்கிறான். காட்டில் அதைக் காப்பாற்றுகிற அந்தக் குணமே கூண்டில் அதைக் கொல்கிறது. ஆடு கத்தும், நாய் ஊளையிடும். முயல் மூலையில் கூனி உட்கார்ந்து, கண்களைப் பாதி மூடி, சத்தமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். "இன்னிக்கு நோன்பு புடிச்சிருக்கு போல" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன். முயல் 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது ஆபத்து. குடல் நின்றுபோகிறது என்று பொருள். அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. மறுநாள் பார்க்கலாம் என்றால் மறுநாள் பார்ப்பதற்கு ஒன்றும் இராது.

ஆகவே, வாயில்லா ஜீவனின் விஷயத்தில் பார்ப்பதே முதல் வைத்தியம். காலையில் புழுக்கை எண்ணிக்கையும் அளவும் நேற்றைப் போல் இருக்கின்றனவா? மூக்கும் முன்னங்கால்களும் உலர்ந்திருக்கின்றனவா? காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு உண்டா? இருந்தால் அது உண்ணிப் பூச்சியின் வேலை. பொருக்கைப் பிய்க்கக்கூடாது, புண்ணாகும், மண்ணெண்ணெய் தடவக்கூடாது. டாக்டர் ஊசியில் குணமாகும். நாய்க்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு விஷம். குட்டிகளுக்கு வயிறு ஊதிக் கழிந்தால் ஈரமும் புழுக்கையும் தேங்கிய தளத்திலிருந்து பரவும் குடல் நோயாக இருக்கலாம். தளத்தை உலர வைப்பதே பாதிக் காவல். எந்த நோயானாலும் வீட்டு அலமாரியிலிருக்கும் மருந்தை மட்டும் எடுக்காதீர்கள். இதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

சென்ற அறுவடையின்போது பக்கத்துத் தெருப் பையன்கள் வயலிலிருந்து ஒரு காட்டு முயல் குட்டியைத் தூக்கி வந்தார்கள். தாயில்லாமல் கிடந்ததாம், பாவமாம். தாய் முயல் நாளெல்லாம் குட்டியோடு இருப்பதில்லை. தன் வாசனை பகைவனை இழுக்கும் என்பதால் விலகியிருந்து, பால் கொடுக்க மட்டும் வந்து போகும். அது அநாதை அன்று. காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் ஆகும். எடுத்த இடத்திலேயே கொண்டு போய் விடச் செய்தேன். அந்தப் பையன்களின் நிய்யத்தும் என்னுடையதைப் போலத்தான்.

"தின்கிற பிராணிக்கு இவ்வளவு வைத்தியமா? அறுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். முயல் ஹலால் என்பதில் சந்தேகமில்லை. மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் ஒரு முயலை விரட்டிப் பிடித்ததை அனஸ் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அதை அறுத்து அதன் தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதே அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில்தான் இன்னொரு நிகழ்ச்சி. அவர்களுடைய சிறு மகன் அபூஉமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடுவார். அந்தப் பறவை இறந்து போயிற்று. பிள்ளை வாடியிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவரைப் பெயர் சொல்லி அழைத்து அந்தப் பறவைக்கு என்னவாயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். இந்தச் சிறிய ஹதீஸிலிருந்து 60 பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார் இப்னுல் காஸ் என்னும் ஷாஃபிஈ ஆலிம். எனக்கு அதில் தெரிந்தது இவ்வளவே: முயலை அறுத்துத் தொடையை அனுப்பிய அதே வீட்டில், செத்துப்போன ஒரு பறவைக்காகத் துக்கம் விசாரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று மற்றதற்கு முரண் என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அறுப்பதற்கும் கத்தியைத் தீட்டு, பிராணியைச் சிரமப்படுத்தாதே என்று கற்றுக் கொடுத்த மார்க்கம், அறுக்கத்தக்கது என்பதால் அதை நோவில் கிடக்கவிடலாம் என்று எங்கும் சொல்லவில்லை. பிழைக்க வழியே இல்லை, வேதனை மட்டுமே மீதி என்று டாக்டர் கூறிவிட்டால், முறையறிந்தவர் கையால் அறுத்துவிட ஹலாலான பிராணிக்கு இடமுண்டு. மருந்து ஏறிய அந்த இறைச்சியை உண்ணக்கூடாது.

செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏழைகள் இருக்க முயலுக்குச் செலவு வீண்விரயம் அல்லவா? அரசுக் கால்நடை ஆஸ்பத்திரியில் ஆகும் செலவு, கூண்டுக்கும் முயலுக்கும் நாம் கொடுத்த விலையை நெருங்காது. விரயம் என்றால் வாங்கிய அன்றே விரயம். எட்டு, பத்து ஆண்டு வாழக்கூடிய ஜீவனை வாங்கிவிட்டு, அது நோயுற்ற அன்று மட்டும் நமக்கு ஏழைகளின் நினைவு வருவது சரியன்று. பராமரிக்க இயலாதவர் இயன்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். வாங்காமலே இருப்பது அதைவிட நல்லது.

பேத்தியிடம் கடைசியில் நான் சொன்னது இதுதான்: "நிய்யத்துக்கு அல்லாஹ் கூலி குடுப்பான்னு நம்புறேன்மா. ஆனா கேக்காம ஊத்துனது என் தப்பு. அதுக்கு நான் தவ்பா செய்யணும்." அவள், "முயல்கிட்ட எப்படி நன்னா மன்னிப்புக் கேக்குறது?" என்றாள். தவ்பாவுக்கு வருந்துவதும், விடுவதும், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வதும் ஷர்த்துகள். அடியார்களின் உரிமையென்றால் ஈடு செய்யவும் வேண்டும். போன முயலுக்கு ஈடு செய்ய வழியில்லை. அதன் தோழி கூண்டில் இருந்தது.

வெள்ளை முயல் போன ஆறாம் நாள் மாலை சாம்பல் முயல் தின்பதை நிறுத்தியது. முயல்கள் கூடி வாழ்பவை. துணையை இழந்தால் இரையை வெறுப்பதுண்டு. நான் எதையும் ஊற்றவில்லை. அஸர் தொழுத கையோடு கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டு போனேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஊசி போட்டார். தோலுக்கடியில் நீர் ஏற்றினார். ஊசி இல்லாத சிரிஞ்சில் புல் கஞ்சியை வாயின் ஓரமாகத் துளித்துளியாக விட எனக்குக் காட்டிக் கொடுத்தார். அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று இரண்டு முறை எச்சரித்தார். இரவெல்லாம் நானும் வீட்டுக்காரியும் மாறி மாறி விழித்திருந்தோம். அசிங்கம் பிடித்த முயல் என்றவள்தான் அதன் வயிற்றை மெதுவாக நீவிவிட்டாள்.

சுப்ஹுத் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தேன். பேத்தி கூண்டின் முன்னே குந்தியிருந்தாள். தட்டில் சிறுத்துக் கெட்டியான புழுக்கைகள் கிடந்தன. "பதினேழு நன்னா" என்றாள்.